நீர்த்துளி சொல்லாத தேய்மானம்

சிலிக்கனில் செதுக்கப்படும் மெம்ஸ் நுண்ணியந்திரங்களின் மேற்பூச்சைச் சோதிக்கும்போது பலரும் முதலில் பார்ப்பது ஒரு நீர்த்துளியைத்தான். துளி உருண்டு நின்றால் பூச்சு நன்றாக இருப்பதாக முடிவுகட்டிவிடுகிறார்கள். நானும் சில காலம் அப்படித்தான் நம்பினேன்.

ஒரு பொருளின் நீளம் பத்தில் ஒன்றாகச் சுருங்கும்போது அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகவும் பரப்பு நூற்றில் ஒன்றாக மட்டுமே குறைவதால், மைக்ரோமீட்டர் அளவிலான பற்சக்கரங்களையும் உத்தரம் போன்ற மெல்லிய விட்டங்களையும் ஆள்வது எடையன்று, பரப்பில் எழும் விசைகளே. காற்றுப் பட்ட சிலிக்கனின் மேல் தானாகவே வளரும் மெல்லிய ஆக்சைடு ஈரத்தை இழுத்துக்கொள்ள, அந்த ஈரம் இரண்டு பரப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது.

இதைத் தடுக்க நாம் பூசும் ஆக்டடெசில்ட்ரைகுளோரோசிலேன், 18 கார்பன் அணுக்கள் கொண்ட வாலும் மூன்று குளோரின் அணுக்கள் பொருந்திய தலையும் உடைய மூலக்கூறு. தலை குளோரினை இழந்து பரப்போடும் அண்டை மூலக்கூறுகளோடும் பிணைய, வால்கள் நெல்நாற்றுபோல் நெருக்கமாக நிமிர்ந்து நின்று ஏறத்தாழ 2.5 நானோமீட்டர் தடிமனுள்ள படலமாகின்றன. நீரின் தொடுகோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு அமைக்கும் கோணம், 110 பாகையை எட்டுகிறது. உராய்வும் வெகுவாகக் குறைகிறது. இவ்வினைக்குச் சிறிதளவு ஈரம் தேவை, ஆனால் மிகுந்தால் மூலக்கூறுகள் கரைசலிலேயே தமக்குள் பிணைந்து துகள்களாகப் படியும். மழைக்கால ஈரப்பதத்தில் திறந்த மேசைமேல் கரைசல் கலப்பது, வெளிப்படையாகச் சொன்னால், மணலைத் தூவுவதற்குச் சமம்.

படலம் குறையின்றி அமைந்தாலும், தொடுகோணத்தை நாம் அளப்பது தட்டையான மேற்பரப்பில்; பற்சக்கரம் உரசுவதோ செதுக்கலின் சொரசொரப்பு மிஞ்சிய பக்கச்சுவரில். அங்கே முழுச் சுமையையும் சில நுண்மேடுகளே தாங்குவதால் அவற்றின் உச்சியில் படலம் சுரண்டப்படுகிறது. தையல் எந்திரத்தில் விட்ட எண்ணெய், வழித்த இடத்துக்கு மீண்டும் ஊறி வரும். பரப்போடு பிணைந்துவிட்ட மூலக்கூறுகள் அப்படி நகர்ந்து வந்து இடைவெளியை அடைப்பதில்லை. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகங்களில் பென்டனால் என்னும் ஆல்ககாலின் ஆவியைச் சாதனத்தைச் சுற்றி நிரப்பிப் பார்த்ததன் காரணம் இதுவே: உரசி நீங்கிய இடத்தில் ஆவி மறுபடி படிந்துகொண்டே இருக்கும்.

ஆகவே ஒட்டாமல் இருந்தால் போதும் என்ற முடுக்கமானிக்கு (வேகமாற்றத்தை அளக்கும் உணரி) இந்தப் படலத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தொடர்ந்து உரசும் பற்சக்கரத்துக்குப் பரிந்துரைக்கும் முன், அதே வேஃபரில் (சிலிக்கன் வில்லையில்) பக்கச்சுவர் உராய்வைச் சோதிக்கும் அமைப்பு ஒன்றையும் செதுக்கச் சொல்கிறேன். அந்தச் சோதனையை, சாதனத்தை உறையிட்டு மூடும்போது ஏற்படும் சூட்டுக்குப் பிறகே நடத்த வேண்டும். ஏனெனில் காற்றில் 200 பாகை செல்சியஸைச் சற்றுத் தாண்டினாலே இப்படலம் சிதையத் தொடங்கும்.