சர்க்கரை ஏறினால் கண் ஏன் மங்குகிறது?

மொரீசியசில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு. அது தெரியாமலே, பார்வை மங்கியதும் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. அப்போது வாங்கும் கண்ணாடி சில வாரங்களிலேயே பொருந்தாமல் போய்விடும்.

கண்ணுக்குள் இருக்கும் லென்சுக்கு ரத்தக் குழாய் கிடையாது. கண்ணுக்குள்ளேயே அதைச் சுற்றியுள்ள நீரிலிருந்துதான் குளுக்கோசை எடுத்துக்கொள்கிறது. அதற்கு இன்சுலின் தேவையில்லை. ஆகவே ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் லென்சுக்குள்ளும் ஏறும். எரித்தது போக மிஞ்சுவதை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்னும் நொதி சார்பிட்டால் என்ற வேறொரு சர்க்கரைப் பொருளாக மாற்றுகிறது. சார்பிட்டால் செல்லைவிட்டு எளிதில் வெளியேறாது. அது தேங்கத் தேங்கத் தண்ணீர் உள்ளே வரும். லென்சின் வடிவமும் ஒளியை வளைக்கும் திறனும் மாறிவிடும்.

பலரும் பயப்படுவது இதற்குப் பிறகுதான். மருந்து தொடங்கிச் சர்க்கரை இறங்கும்போது, கிட்டத்து எழுத்து முன்னைவிட மங்கலாம். ரத்தத்தில் குளுக்கோஸ் வேகமாகக் குறைகிறது, லென்சுக்குள் சார்பிட்டால் மெதுவாகவே குறைகிறது. அந்த இடைவெளியில் இன்னும் தண்ணீர் புகுகிறது. மருந்துதான் கண்ணைக் கெடுத்தது என்று நிறுத்திவிடாதீர்கள். முதல் ஓரிரு வாரம் அதிகமாக இருந்து, பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் சரியாகும். சர்க்கரை அதுவரை நிலையாக இருந்த பிறகே கண்ணாடி அளவு எடுங்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அட்டையில் குண்டூசியால் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் துளை வழியே சுவர் நாட்காட்டியைப் பாருங்கள். எழுத்து தெளிந்தால் மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் லென்ஸ் குவிப்பது மாறியதுதான். தெளியாவிட்டால் கண்புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம். தெளிந்ததால் விழித்திரை நன்றாக இருக்கிறது என்று மட்டும் எண்ண வேண்டாம். நீரிழிவால் விழித்திரைக்கு வரும் தொடக்கப் பாதிப்பு பார்வையில் தெரியவே தெரியாது.

அதனால் கண்ணாடிக்குக் காத்திருக்கலாம், விழித்திரைப் பரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 7.0 மில்லிமோல் (தமிழ்நாட்டுக் கணக்கில் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம்) அல்லது அதற்கு மேல் வந்து நீரிழிவு உறுதியானதுமே ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். கண்ணுக்கென்றே மோக்காவில் சுப்பிரமணிய பாரதி கண் மருத்துவமனை இருக்கிறது. கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

ஒரு கண் மட்டும் திடீரென மங்கினாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ அது லென்சு விவகாரம் அல்ல. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மங்கலோடு வாந்தி, கடும் தாகம், மயக்கம் சேர்ந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு.