49–0: பூச்சியத்தை எப்படி நிறுப்பது?

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் டெரன்ஸ் குரோஃபோர்ட் 2025 டிசெம்பரில் ஓய்வை அறிவித்தார். 42 சண்டை, 42 வெற்றி. 61 கிலோ வகுப்பில் முதல் உலகப் பட்டம் எடுத்த மனிதர், அதே ஆண்டு செப்டெம்பரில் 76 கிலோ வகுப்புக்கு ஏறிப்போய் கனெலோ அல்வாரெஸை வென்றுவிட்டுத்தான் போனார். இப்படி ஒருவர் தோல்வியே இல்லாமல் விலகும்போதெல்லாம் அட்டன் சலூனிலும் பண்டாரவளை தேத்தண்ணிக் கடையிலும் வாதம் ஒரே தடத்தில்தான் போகும். ஒருவர் பழைய பாரவகுப்புச் சம்பியன் ரொக்கி மார்சியானோவின் 49–0ஐ (49 வெற்றி, பூச்சியம் தோல்வி) எடுப்பார். மற்றவர் மேவெதரின் 50–0ஐ எடுப்பார். மூன்றாமவர், "அலி அஞ்சு தரம் தோத்தவர்தானே?" என்று கேட்டுவிட்டு வாங்குக்குத் திரும்புவார்.

அந்த மூன்றாமவரின் கேள்வியில்தான் பிழை இருக்கிறது. தோல்விக் கட்டத்தில் உள்ள பூச்சியத்தை அவர் திறமையின் அளவாக எடுத்துக்கொள்கிறார். பூச்சியத்துக்கு எடை உண்டு, ஆனால் அதைத் தனியாக நிறுக்க முடியாது.

தோட்டத்துக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வருடம் முழுக்க ஒரு நாள்கூட அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழாமல் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) எடுத்த ஒருவரை, அதை மட்டும் வைத்து, டிவிசனிலேயே கெட்டிக்கார ஆள் என்று சொல்லிவிட முடியுமா? எந்த நிரை பிடித்தார், எந்த மலை, கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம், வீ.பீ. தேயிலையா (துண்டு நட்டு வளர்த்தது) பழைய விதைத் தேயிலையா, ஏப்ரல்–மேயில் கொழுந்து பொங்கும் நாளா, ஜனவரிப் பனியில் துளிர் கருகிய நாளா என்றெல்லாம் கேட்க வேண்டும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு கிலோவைத்தான் காட்டும், மலையைக் காட்டாது. நல்ல நிரையே கிடைத்தவருக்குப் பேர் விழாது. கெட்டிக்காரரைக் கங்காணி மோசமான மலைக்கே அனுப்பிக்கொண்டிருந்தால் அவருக்குச் சில அரைப்பேர் விழத்தான் செய்யும்.

இப்போது எண்ணுக்கு வருவோம். ஒருவர் ஒவ்வொரு சண்டையிலும் வெல்லும் நிகழ்தகவு 90% என்று வைத்துக்கொள்ளுங்கள். 49 சண்டையையும் தொடர்ந்து வெல்ல, 0.9ஐ 49 தடவை பெருக்க வேண்டும். விடை 0.6%க்கும் குறைவு. 95% என்றால் 8%. 98% என்றால் 37%. பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமானால் ஒவ்வொரு சண்டையிலும் 98.6% தேவை. சம பலமுள்ள எதிராளியோடு யாருக்கும் 98.6% கிடைக்காது. ஆகவே நீண்ட தோல்வியில்லாப் பட்டியல் ஒன்றைக் கண்டால், அதில் பெரும்பகுதி எளிய எதிராளிகள் என்பதைப் பெயர்களைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். இது யாரையும் குறைத்துப் பேசுவது அல்ல, பெருக்கல்.

ஒரே திறமையுள்ள இருவரை எடுத்தால் இன்னும் தெளிவாகும். முதலாமவர் 40 எளிய சண்டையும் (ஒவ்வொன்றிலும் 99.5%) 9 கடினமான சண்டையும் (ஒவ்வொன்றிலும் 80%) போடுகிறார். தோல்வியே இல்லாமல் முடிக்க அவருக்கு 11% வாய்ப்பு. இரண்டாமவர் கடினமான சண்டை மட்டும் 20 போடுகிறார். எளியதை முழுதாக விட்டுவிட்டாலும் அவருக்கு 1% சொச்சம்தான். திறமை ஒன்று, துணிச்சல் வேறு. பட்டியலில் கறை விழுவது துணிந்தவருக்கு.

தலைகீழாகவும் பார்க்கலாம். 49இல் ஒன்றுகூடத் தோற்காதவரின் உண்மையான தோல்வி நிகழ்தகவு எவ்வளவு இருக்க முடியும்? புள்ளிவிவரத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: 3ஐ எண்ணிக்கையால் வகுத்தால் 95% நம்பிக்கையுள்ள மேல் எல்லை கிடைக்கும். 3 ÷ 49, ஏறத்தாழ 6%. அதாவது மார்சியானோ போட்ட அதே தரத்து எதிராளிகளோடு, 17 சண்டைக்கு ஒருமுறை தோற்கக்கூடிய ஒருவரும் இதே பட்டியலை வைத்திருக்கலாம். "தோற்கடிக்கவே முடியாதவர்" என்ற பட்டம் அந்த 49க்குள் இல்லை.

அடுத்தது நிறுத்தும் நேரம். மார்சியானோ 1956 ஏப்ரலில் விலகியபோது அவருக்கு 32 வயது. முகமது அலி 32 வயதில், 1974 ஒக்டோபரில், அதுவரை 40–0 என்றிருந்த ஜோர்ஜ் ஃபோர்மனை வீழ்த்தினார். அன்று அலியின் கணக்கு 45–2. அந்த இரண்டு தோல்விகளும் ஜோ ஃபிரேஸியர், கென் நோர்ட்டன் ஆகியோரிடம் வந்தவை, இருவரையும் அவர் அதற்குள் திரும்ப வென்றும்விட்டார். மிச்சம் மூன்று தோல்வியும் 36 வயதுக்குப் பிறகு வந்தவை. மார்சியானோ நின்ற வயதில் அலியும் நின்றிருந்தால் சலூன்காரர் சொல்லும் அந்த "அஞ்சு" இருந்திருக்காது. ஜிம் ஜெஃப்ரிஸ் 1905இல் தோல்வியின்றி ஓய்வுபெற்றார். பிறகு 1910இல் ஜாக் ஜோன்சனை எதிர்க்கத் திரும்பி வந்து 15ஆம் சுற்றில் பூச்சியத்தை இழந்தார். லெரி ஹோம்ஸ் 48–0 வரை வந்து, மார்சியானோவைத் தொட ஒரு சண்டை மிச்சமிருக்கையில், 1985 செப்டெம்பரில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார்.

சரி, அப்படியானால் எதை வைத்து ஒப்பிடுவது? சதுரங்கத்துக்காக ஆர்பாட் எலோ என்ற இயற்பியலாளர் உருவாக்கி, 1970இல் சர்வதேச சதுரங்க சம்மேளனம் ஏற்றுக்கொண்ட முறைதான் கைக்கு எளிது. ஒரு சீ.ஆர். கொப்பியும் தொலைபேசியில் உள்ள கணிப்பானும் போதும். எல்லோருக்கும் 1500 புள்ளியில் தொடங்குங்கள். சண்டைக்கு முன், எதிராளியின் புள்ளியிலிருந்து நம்மவரின் புள்ளியைக் கழித்து 400ஆல் வகுங்கள். அந்த விடையை 10இன் அடுக்காக ஏற்றி, 1 கூட்டி, 1ஐ அதனால் வகுத்தால் நம்மவர் வெல்லும் எதிர்பார்ப்பு வரும். சமமானால் 0.5, நம்மவர் 200 கூட என்றால் 0.76, 400 கூட என்றால் 0.91. வென்றால் 1, தோற்றால் 0, சமநிலை 0.5. கிடைத்ததிலிருந்து எதிர்பார்ப்பைக் கழித்து 32ஆல் பெருக்கிப் புள்ளியோடு சேருங்கள். எதிராளிக்கு அதே அளவைக் கழியுங்கள். திகதி வரிசை தவறக்கூடாது. தவறினால் எல்லாம் பிழைக்கும்.

இதில் ஒரு சோதனை. 1500 புள்ளிக்காரர் ஒருவர் 1100 புள்ளி எதிராளிகள் 40 பேரைத் தொடர்ந்து வீழ்த்துகிறார். முதல் வெற்றிக்கு 3 புள்ளிகூட வராது, கடைசி வெற்றிக்கு 2 புள்ளிகூட வராது. மொத்தம் 90 அளவில். இதே 90 புள்ளியை 1500 புள்ளி எதிராளிகள் ஆறேழு பேரை வென்றே எடுத்துவிடலாம். சமமான ஒருவரிடம் ஒருமுறை தோற்றால் போவது 16 மட்டும். சூத்திரத்தில் பூச்சியத்துக்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை.

ஆனால் கடைசித் திகதிவரையுள்ள எல்லாச் சண்டையையும் ஒரேயடியாக எடுத்து, இந்த முடிவுகளுக்கு மிகப் பொருத்தமான பலம் என்ன என்று கேட்கும் முறையொன்றும் உண்டு. பிராட்லி, டெரி என்ற இருவர் 1952இல் எழுதியது. (மார்சியானோ உலகப் பட்டம் எடுத்த அதே ஆண்டு.) தோல்வியே இல்லாத ஒருவரை அதில் போட்டால் விடை முடிவிலி. எவ்வளவு உயர்த்தினாலும் இன்னும் உயர்த்தினால் இன்னும் பொருந்தும், கீழே இழுக்க ஒரு தோல்வி இல்லையே. சலூன் வாதம் முடியாமல் போவதற்கும் இதுதான் காரணம் என்பேன். சிகிச்சை எளிது: ஒவ்வொருவருக்கும் நடுத்தர ஆள் ஒருவரோடு ஒரு கற்பனைச் சமநிலையைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். முடிவிலி உடனே தரைக்கு வந்துவிடும்.

காலம் தாண்டி ஒப்பிடத்தான் உண்மையான சிக்கல். 1955க்கும் 1970களுக்கும் நடுவே பாலம் வேண்டும், அதாவது இருவரோடும் மோதிய பொது எதிராளி. அப்படி ஒருவர் இருந்தார்: ஆர்ச்சி மூர். 1955 செப்டெம்பரில் மார்சியானோ அவரை 9ஆம் சுற்றில் வீழ்த்தினார், அது மார்சியானோவின் கடைசிச் சண்டை. 1962 நவம்பரில், அப்போது கேசியஸ் கிளே என்ற பெயரில் இருந்த அலி, அதே மூரை 4ஆம் சுற்றில் வீழ்த்தினார். நான்கு ஒன்பதைவிடச் சிறிது, ஆகவே அலிதான் மேல் என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். மூரின் பிறந்த ஆண்டே 1913ஆ 1916ஆ என்று சர்ச்சை, எப்படிப் பார்த்தாலும் 1962இல் அவர் 45ஐத் தொட்டவர். பாலத்தின் ஒரு முனை ஏழு வருடத்தில் தாழ்ந்துபோயிருக்கிறது.

ஈரக் கொழுந்துக்குக் கழிவு போடுவதுபோல இங்கே வயதுக்குக் கழிவு போட வேண்டும். பெயருக்குப் புள்ளி கொடுக்காமல் அன்று மேடைக்கு வந்த ஆளுக்குக் கொடுங்கள். 1951 ஒக்டோபரில் மார்சியானோவிடம் வீழ்ந்த ஜோ லூயிஸுக்கு 37 வயது. ஆனால் அதற்கு முன் அவர் தொடர்ந்து எட்டுச் சண்டை வென்றிருந்தார், ஆகவே வெறும் எலோ அவரை நல்ல நிலையில்தான் காட்டும். சரிவை அந்த முறை தாமதமாகத்தான் பிடிக்கும். ஜேர்சி ஜோ வோல்கொட்டுக்கு 1952இல் 38 வயது. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: அந்த வோல்கொட் அன்று உலகச் சம்பியன், முதல் சுற்றிலேயே மார்சியானோவைத் தரையில் விழுத்தியவர், 12 சுற்று முடிவில் புள்ளியில் முன்னே நின்றவர். 13ஆம் சுற்றில் ஒரே ஒரு வலக்கைக் குத்து. அது படாமல் போயிருந்தால் 49–0 என்ற எண்ணே இல்லை.

எடை பற்றியும் ஒரு சொல். மார்சியானோ ஏறக்குறைய 84 கிலோ. இன்றைய அளவில் அவர் பாரவகுப்பே அல்ல, 200 இறாத்தல் எல்லையுள்ள குரூஸர் வகுப்பு. தசையின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது, நிறையோ கனவளவைப் பொறுத்தது. ஆகவே வலு நிறையின் மூன்றில் இரண்டு அடுக்காகத்தான் கூடும். 100 கிலோ ஆளுக்கு 84 கிலோ ஆளைவிட 19% நிறை கூட, வலு 12% அளவில்தான் கூடும். இறாத்தலுக்கு இறாத்தல் என்று நேராக வகுத்தால் சிறியவருக்கு எப்போதும் அநியாய லாபம், காரணம் இதுவே. 61இலிருந்து 76 கிலோவுக்குப் போன குரோஃபோர்ட், தான் தொடங்கிய வகுப்பைவிட 16% வலுக் கூடிய ஆட்களைச் சந்தித்தார் என்று எடுத்துக்கொள்ளலாம். சுகர் ரே ரொபின்சன் 40 வெற்றிக்குப் பிறகு 1943 பெப்ரவரியில் முதன்முதலாகத் தோற்றதும் தன்னைவிட 16 இறாத்தல் கூடிய ஜேக் லமோட்டாவிடம். அதே மாதமே அவரைத் திரும்ப வென்றுவிட்டு, பிறகு 1951 வரை ரொபின்சன் தோற்கவில்லை. அந்த ஒரு கறையை வைத்து அவரை மேவெதருக்குக் கீழே போடுபவர்களோடு பேசிப் பயனில்லை.



தீர்ப்பாளர்களையும் மறக்கக்கூடாது. 32–0 என்று விலகிய அன்ட்ரே வோர்ட், 2016 நவம்பரில் கொவலெவை மூன்று தீர்ப்பாளர்களின் புள்ளி அட்டையிலும் 114–113 என்றுதான் வென்றார். இரண்டு தீர்ப்பாளர்கள் ஆளுக்கு ஒரு சுற்றை மாற்றி எழுதியிருந்தால் பூச்சியம் போயிருக்கும். 1950இல் மார்சியானோ லாஸ்டார்சாவை வென்றதும் பிரிந்த தீர்ப்பில்தான், அதாவது இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். இப்படியான சண்டைக்கு 1 போடாமல் 0.6 அல்லது 0.55 போடுங்கள், கணக்கு உண்மைக்குக் கிட்ட வரும்.

கணினியிடமே கேட்டாலென்ன என்பவர்களுக்கு: கேட்டிருக்கிறார்கள். 1969இல் மயாமியில் மார்சியானோவையும், உரிமம் பறிக்கப்பட்டு வீட்டில் இருந்த அலியையும் கூட்டிவந்து பல முடிவுகளோடு நடிக்க வைத்துப் படம்பிடித்தார்கள். எந்த முடிவு என்பதை என்.சி.ஆர். 315 கணினி சொல்லும் என்றார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்காவில் காட்டியபோது மார்சியானோ 13ஆம் சுற்றில் வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி வென்றார். மார்சியானோ எதையும் பார்க்கவில்லை, 1969 ஓகஸ்ட் 31 விமான விபத்தில் இறந்துபோனார். அதற்கு முந்திய வானொலிக் கற்பனைச் சுற்றொன்றில் அதே கணினி அலியை ஜெஃப்ரிஸிடம் தோற்கவைத்து, அவர் 10 இலட்சம் டொலர் கேட்டு வழக்குப் போட்டதும் நடந்தது.

ஆகவே கொப்பியில் ஒருமுறை போட்டு நிறுத்தாதீர்கள். பெருக்கும் எண்ணாக 32க்குப் பதில் 16, 24 என்றும் போடுங்கள். 35 வயது தாண்டிய எதிராளிக்கு 0, 50, 100 புள்ளி கழிவு என்று மூன்று விதமாகவும் போடுங்கள். மொத்தம் ஒன்பது பட்டியல் வரும். ஒன்பதிலும் ஒருவர் மற்றவருக்கு மேலே நின்றால் அந்த வரிசையை மையால் எழுதுங்கள். நாலில் ஒருவரும் ஐந்தில் மற்றவரும் மேலே வந்தால், பென்சிலால் ஒரு சமன் குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.