“சைக்கிள்ல இருந்து விழுந்தான் சாரே, அவ்வளவுதான்”

தேர்வுகள் முடிந்து ஏப்ரல் பிறந்துவிட்டால், குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் எலும்பு மருத்துவம் பார்க்கும் என்னைப் போன்றவர்களின் மாலை நேரம் மாறிவிடும். ஒரு கையை மறுகையால் தாங்கிப் பிடித்தபடி, முழங்கால் முழுக்கச் செம்மண்ணோடு வரும் பிள்ளைகளும், பதற்றத்தை மறைத்துக்கொண்டு பின்னால் வரும் அம்மாக்களுமே அப்போது அதிகம். தலைப்பில் இருப்பதுதான் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம். அதில் வரும் ‘அவ்வளவுதான்’ எத்தனை தூரம் சரி என்பதையே இங்கே பார்க்கப் போகிறேன்.

கோடையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், மாவிலும் கொல்லாமரம் எனும் முந்திரி மரத்திலும் ஏறுகிறார்கள், குளத்திலும் சானல் எனும் பாசனக் கால்வாயிலும் கடலிலும் குளிக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், என்னிடம் வருபவர்களில் சைக்கிளிலிருந்து விழுந்தவர்களே முதலிடம். ஆனால் இந்த எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. நாளெல்லாம் சைக்கிளில் சுற்றும் பையன், மரத்தில் இருப்பது வாரத்தில் சில நிமிடங்கள்தாம். செலவிட்ட நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், எளிதில் முறியும் கிளைகளைக் கொண்ட கொல்லாமரம் சைக்கிளைவிட மோசமானது என்றே நான் நினைக்கிறேன். நீரில் மூழ்கியவர்களோ எலும்பு மருத்துவரைத் தேடி வருவதே இல்லை. ஆகையால் என் அறையில் உட்கார்ந்து கணக்கெடுத்தால், குளிப்பதுதான் உலகிலேயே பாதுகாப்பான விளையாட்டு என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். நம் மாவட்டத்துக்கு அதை நினைவூட்டப் புள்ளிவிவரம் தேவையில்லை. 2024 மே 6 அன்று, கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்களில், கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும் புயலால் உருவாகி, இங்கே காற்றே இல்லாத நாளிலும் கரையேறும் அலை அது. நீச்சல் தெரிந்தவரையும் அது விடுவதில்லை. இன்னொன்றும் உண்டு. பேச்சிப்பாறை அணையை அடைத்திருக்கும் மாதங்களில் சானல்களில் தண்ணீர் குறைந்திருக்கும். போன வருடம் குதித்த அதே பாலத்திலிருந்து இந்த மே மாதமும் தலைகீழாகக் குதிக்கும் இளைஞனின் கழுத்தெலும்பு நொறுங்கித் தண்டுவடம் அறுபட்டால், கை கால்கள் நான்கும் வாழ்நாள் முழுவதும் செயலிழந்துவிடும். கிரிக்கெட்டைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை; விரல் நுனிதான் வளையும், கண்ணில் பந்து பட்டால் மட்டும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சைக்கிள் இவற்றிலிருந்து வேறுபடுவது ஒரு விஷயத்தில்தான். அதன் காயங்களில் பெரும்பாலானவை, விழுவதற்கு முன்பே வீட்டு முற்றத்தில் வைத்துத் தடுக்கக் கூடியவை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்வெளிச் சாலைகள் சமதளம்; அங்கே பயப்பட வேண்டியது மற்ற வண்டிகளுக்குத்தான். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் ரப்பர் தோட்டங்களுக்கிடையே போகும் சாலைகள் ஏற்றமும் இறக்கமுமாக இருப்பதால், வேறு வண்டியே வராத பாதையிலும் பையன் தானாக விழுகிறான். கோடை மழை பெய்த மாலையில் நனைந்த சக்கரத்தை பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. இறக்கத்தின் நடுவில் அதை உணர்ந்தவன் முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் ஹேண்டில் பாரைத் தாண்டித் தலைகுப்புற விழுவான். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பிரேக் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதால், அங்கே மழையே தேவையில்லை.

அளவும் முக்கியம். பிளஸ் ஒன் படிக்கும் அக்காவுக்குப் பள்ளியில் இலவசமாகக் கிடைத்த சைக்கிளை, கால் எட்டாத எட்டு வயதுத் தம்பி ஓட்டுவது நம் வீடுகளில் சாதாரணம். குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை நானும்தான் என்பதால் இதை உரக்கச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என்றாலும் இருக்கையில் உட்கார்ந்தபடி கால் விரல்களைத் தரையில் ஊன்ற முடியாத சைக்கிள் அந்தப் பிள்ளைக்கு உரியதல்ல. கேரியரில் உட்காரவைக்கப்படும் சிறு குழந்தையின் குதிகால் பின்சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளுக்குள் சிக்குவதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். முதல் நாள் சிராய்ப்பாகத் தெரியும் அந்தத் தோல், நசுங்கியதால் இரத்த ஓட்டம் இழந்து, சில நாட்களில் கறுத்து உரிந்து, தோல் ஒட்டு வைக்கும் அளவுக்குப் போவதுண்டு.

கையை ஊன்றி விழும்போது பெரும்பாலும் உடைவது மணிக்கட்டு எலும்பு. வளரும் வயதில் அது நன்றாகவே கூடிவிடும். எனக்குக் கவலை தருவது முழங்கைக்குச் சற்று மேலே ஏற்படும் முறிவுதான். வர்ம ஆசான்கள் நிறைந்த இந்த மண்ணில், எண்ணெய் போட்டுத் தடவி மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவது பல வீடுகளில் முதல் யோசனையாக இருக்கிறது. ஆசான்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. என் தாத்தாவின் சுளுக்கை எடுத்தவர் ஓர் ஆசான்தான். ஆனால் குழந்தையின் முழங்கை முறிவில், உடைந்த எலும்பின் முனைக்கு முன்னாலேயே முக்கிய இரத்தக்குழாய் ஓடுகிறது. வீங்கிக்கொண்டிருக்கும் கையை இறுக்கிக் கட்டினால், ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் முன்கைத் தசைகள் நிரந்தரமாகக் கெடத் தொடங்கி, விரல்கள் மடங்கியே நின்றுவிடும். கட்டுப் போட்ட பிறகு வலி கூடுவதும், விரல் நுனிகள் குளிர்ந்து மரத்துப்போவதும், விரலை நிமிர்த்தினால் குழந்தை அலறுவதும் விடியும் வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். கட்டு நான் போட்டதாகவே இருந்தாலும் இது பொருந்தும். முறிவு என்று சந்தேகம் வந்தால், மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ வைத்துத் துண்டால் தளர்வாகத் தொங்கவிட்டு அழைத்து வந்தால் போதும்.

தலையைப் பற்றி ஒன்று. மோட்டார் சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், சைக்கிளுக்கு அல்ல. ஆனால் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், கடுமையான தலைக்காயத்தைச் சைக்கிள் ஹெல்மெட் பாதிக்கும் மேல் குறைப்பது தெரிகிறது. விழுந்தவன் எழுந்து பேசிச் சிரித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வாந்தி எடுத்தாலோ, அகாலத்தில் தூங்கி வழிந்தாலோ, அவனை என்னிடம் கொண்டு வர வேண்டாம்; 108-ஐ அழைத்து, தலை ஸ்கேன் வசதியுள்ள ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு நேராகப் போங்கள்.

எங்கள் எக்ஸ்ரேயில் தெரியாத காயமும் ஒன்று இருக்கிறது. கைப்பிடியின் ரப்பர் உறை தேய்ந்து உலோகக் குழாய் வெளியே தெரியும் சைக்கிளில், திருப்பத்தில் மெதுவாகச் சாயும்போது அந்த முனை வயிற்றில் குத்தும். வெளியே நாணயம்போல ஒரு வட்டத் தடம் மட்டும் இருக்கும். உள்ளே கணையமோ சிறுகுடலோ முதுகெலும்போடு சேர்த்து நசுங்கியிருக்கும், வலியும் பச்சை வாந்தியும் மறுநாள்தான் தொடங்கும். அப்போது அம்மாக்கள் அதைச் சைக்கிளோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. நேற்றுத் தின்ற மாங்காயைச் சொல்கிறார்கள். எனவே மருத்துவரிடம் வரும்போது, பையன் விழுந்தான் என்பதோடு எப்படி விழுந்தான், வயிற்றில் எதுவும் குத்தியதா, தலை தரையில் பட்டதா, எத்தனை மணிக்கு என்பதையும் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள்.