அனலைசர் காட்டும் கோட்டை அப்படியே நம்பாதீர்கள்

எந்த அலைவரிசையில் எவ்வளவு பலமான அலை இருக்கிறது என்று திரையில் கோடுகளாகக் காட்டுவது ஸ்பெக்ட்ரம் அனலைசர். முன்பெல்லாம் அது பட்டறை மேசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய பெட்டி. பொழுதுபோக்குக்காக வானொலி வைத்திருப்பவர் அதை வாங்க நினைக்கவே மாட்டார். 2020 வாக்கில் டைனிஎஸ்ஏ போன்ற கையடக்கக் கருவிகள் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. சிங்கப்பூரின் 9வி1 அழைப்புக்குறி வைத்து அமெச்சூர் வானொலி நடத்தும் நம் நண்பர்கள் பலர் கையிலும் இப்போது ஒன்று இருக்கிறது. வானொலிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில், அதனால் இதில் எனக்கு நிஜமாகவே மகிழ்ச்சிதான். ஆனால் என்னிடம் வரும் கருவிகளையும் கேள்விகளையும் பார்த்தால் கவலையும் வருகிறது. ஒன்று, வாங்கிய வேகத்தில் அனலைசர் கருகிப்போகிறது. இல்லாவிட்டால் அது காட்டும் பொய்க் கோட்டை நம்பி, நன்றாக இருக்கும் வாக்கி டாக்கியை நண்பர்கள் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

கருகுவதற்குக் காரணம் கணக்குப் போடாததுதான். டைனிஎஸ்ஏயின் உள்ளீடு தாங்கக்கூடிய உச்ச அளவு +10 டிபிஎம், அதாவது 10 மில்லிவாட். டிபிஎம் என்பது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்லும் அளவு; 10 டெசிபெல் கூடினால் சக்தி பத்து மடங்கு. சாதாரணக் கை வாக்கி டாக்கி வெளியிடுவது 5 வாட், கிட்டத்தட்ட +37 டிபிஎம். தாங்கும் அளவைப்போல் 500 மடங்கு! இரண்டையும் ஒரு கேபிளால் நேராக இணைத்துப் பேசும் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? புகை வராது, சத்தமும் கேட்காது. திரை வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் சிறிய சுவிட்சுச் சில்லு மட்டும் செத்திருக்கும். அதன் பிறகு எதை அளந்தாலும் இருபது முப்பது டெசிபெல் குறைத்துக் காட்டும். தெரியாமல் அதையே மாதக்கணக்கில் நம்பி அளப்பவர்களும் உண்டு. கருவியிலேயே 30 மெகாஹெர்ட்ஸ் அளவுத்திருத்தச் சமிக்ஞையும் சுயசோதனையும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் முதலில் அதை ஓட்டிப் பாருங்கள்.

ஆகவே இடையில் சமிக்ஞையின் பலத்தைக் குறைக்கும் 40 டெசிபெல் அட்டெனுவேட்டர் அவசியம். 37-இல் 40 போனால் -3 டிபிஎம், கருவி பிழைத்துக்கொள்ளும். இரண்டு 20 டெசிபெல் துண்டுகளைச் சேர்த்துப் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாக்கி டாக்கியை ஒட்டியிருக்கும் முதல் துண்டே 99 விழுக்காடு சக்தியை வெப்பமாக விழுங்கிவிடும். எஸ்எம்ஏ என்ற சிறிய திருகு இணைப்பி வைத்த, விரல் நுனி அளவு இருக்கும் துண்டுகள் பெரும்பாலும் 2 வாட் வரைதான் தாங்கும். சிம் லிம் டவரில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் எத்தனை டெசிபெல் என்று மட்டும் பார்க்காமல் எத்தனை வாட் என்றும் பாருங்கள். அது எரிந்து போனால் அடுத்தது அனலைசர்தான்.

சரி, கருவி பத்திரம். இப்போது 145 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிப் பார்க்கிறீர்கள். இரண்டு மடங்கான 290-இல் ஒரு கோடு, மூன்று மடங்கான 435-இல் இன்னொரு கோடு. இப்படி மடங்குகளில் வரும் அலைதான் ஹார்மானிக். "செட் மோசம், ஹார்மானிக் அடிக்கிறது" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். மலிவான செட்டுகள் சில உண்மையிலேயே அப்படி அடிக்கும். ஆனால் அளவுக்கு மீறிய அலை உள்ளே நுழைந்தால் அனலைசருக்குள் அலைவரிசையை மாற்றும் மிக்சரே இதே ஹார்மானிக்குகளை உண்டாக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். அனலைசரின் உள் அட்டெனுவேட்டரை 10 டெசிபெல் கூட்டுங்கள். குறைத்த அளவைக் கருவி தானே ஈடுகட்டிக் காட்டும் என்பதால், உண்மையான கோடு இருந்த உயரத்திலேயே நிற்கும். உள்ளேயே பிறந்த கோடு சரிந்துவிடும்: இரண்டாம் ஹார்மானிக் சுமார் 10 டெசிபெல், மூன்றாவது சுமார் 20. கோடு மேலும் இறங்காத நிலை வரை கூட்டிக்கொண்டே போங்கள். பிறகு எஞ்சி நிற்பதுதான் உங்கள் செட்டின் ஹார்மானிக். மிக்சருக்குப் போகும் அளவு -30 டிபிஎம் பக்கம் இருந்தால் நிம்மதியாக அளக்கலாம்.

அனைத்துலக விதிப்படி, 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் 5 வாட் செட்டின் வேண்டாத அலைகள் முதன்மை அலையைவிட 50 டெசிபெல்லாவது கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் அந்த செட்டை ஆன்டெனாவில் போட்டு அனுப்பாதீர்கள். நம்முடைய தீவு சின்னது. நமது 144 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சற்றுக் கீழே, 118 முதல் 137 வரை விமானிகள் பேசிக்கொள்கிறார்கள். எங்கிருந்து அனுப்பினாலும் சாங்கி விமான நிலையம் அதிகத் தூரமில்லை.

அனுப்பாமல் வெறுமனே கேட்கும்போதும் இதே பொய் வரும். டெலஸ்கோப் ஆன்டெனாவைச் செருகி, உள்ளே இருக்கும் பெருக்கியையும் போட்டுவிட்டு 193.6-இல் ஒரு கோட்டைப் பார்த்துத் திகைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 96.8-இன் இரண்டு மடங்கு அது. நம் தமிழ் வானொலி ஒலி 96.8 அங்கே ஒலிபரப்பவில்லை. பக்கத்தில் பலமாக இருக்கும் பண்பலை அலைகளில் அனலைசர் திணறுகிறது, அவ்வளவுதான். பெருக்கியை அணையுங்கள், அல்லது 88 முதல் 108 வரை தடுக்கும் ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். கோடு காணாமல் போய்விடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் அதிகம் கேட்கும் புகார் இரைச்சல். புக்கிட் பாத்தோக்கில் ஒரு தம்பி 7 மெகாஹெர்ட்ஸில் எதையுமே கேட்க முடியாமல் தவித்தார். "மின்தூக்கி மோட்டார்தான் அண்ணே, நகர மன்றத்துக்கு எழுதிடலாமா?" என்றார். எழுதுவதற்கு முன் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு, அவருடைய செட்டை அணைத்து, அவர் வீட்டு ஆன்டெனா கம்பியையே அனலைசரில் மாட்டினேன். திரையில் 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மேடு மேடாக, ஏறக்குறைய 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்று. மெல்ல நகர்ந்துகொண்டும் இருந்தன. மின்தூக்கியின் இரைச்சல் என்றால் அது ஓடும்போது வந்து நிற்கும்போது போக வேண்டும். இந்த மேடுகள் விடாமல் நின்றன. சம இடைவெளியில், சூட்டுக்கும் சுமைக்கும் ஏற்ப நகரும் மேடுகள் என்றால் சார்ஜர், எல்இடி விளக்கு போன்றவற்றில் இருக்கும் சுவிட்சிங் பவர் சப்ளைதான். நகராமல் ஊசிபோல் நிற்கும் கோடு என்றால் ஏதோ ஒரு மின்னணுச் சுற்றுக்குத் தாளம் தரும் கிரிஸ்டல் கடிகாரம். 48 மெகாஹெர்ட்ஸின் மூன்று மடங்கு சரியாக 144-இல் வந்து விழும், கணினிக்காரர்களுக்கு அது பழக்கமான தொல்லை.

அனலைசர் பேட்டரியில் ஓடுவது இங்கேதான் பெரிய வரம். வீட்டின் மின்பெட்டியில் சர்க்கியூட்டுகளை ஒவ்வொன்றாக அணைத்தோம். கூடத்தின் விளக்குச் சர்க்கியூட் விழுந்ததும் மேடுகள் மொத்தமும் தட்டையாகிவிட்டன. பொய்க்கூரைக்குள் இருந்த எல்இடி விளக்கின் டிரைவர், அதாவது அதன் பவர் சப்ளைதான் காரணம். மின்வல்லுநரை வைத்து அதை மாற்றிய பிறகு தம்பிக்கு இந்தோனேசிய நிலையங்கள் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தன. மாற்ற முடியாத சார்ஜர்களின் கேபிளில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் போடலாம். ஆனால் கேபிளை அதற்குள் ஒரே முறை நுழைத்தால் பலன் கொஞ்சம்தான். சுற்றின் எண்ணிக்கை இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும், அதனால் இடம் இருக்கும்வரை சுற்றுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். வெளி ஆன்டெனாவை அனலைசரில் மாட்டியபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். இங்கே இடி இல்லாத மாதமே கிடையாது. தூரத்து மின்னல் தரும் தூண்டல்கூட அந்த உள்ளீட்டுக்கு அதிகம்.

மெயினையே அணைத்தும் இரைச்சல் குறையவில்லை என்றால் அது வெளியிலிருந்து வருகிறது. அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் சில நாள் நேரத்தையும் அலைவரிசையையும் குறித்து வையுங்கள். வந்த உச்ச அளவைத் திரையில் அப்படியே பிடித்து வைக்கும் மேக்ஸ் ஹோல்டில் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், அட்டெனுவேட்டர் சோதனையைச் செய்ததையும் எழுதுங்கள். அண்டை வீட்டாரிடம் பேசினாலும், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் போனாலும், அந்தக் குறிப்போடு போங்கள்.