பரதேசி

இன்று ஒருவரைப் பரதேசி என்றால் சண்டைக்கு வருவார். ஒரு காலத்தில் அது வணிகருக்கான பெயர். வடமொழியில் பரதேசம் என்றால் பிற நாடு. அங்கிருந்து வந்தவர் பரதேசி. திசை ஆயிரத்து ஐநூற்றுவர் என்ற வணிகக் குழுவின் கல்வெட்டுகளில் சுதேசி, பரதேசி, நானாதேசி என்ற பெயர்கள் மதிப்போடுதான் வருகின்றன.

அப்புறம் ஏன் சறுக்கியது? ஊர் ஊராகச் சுற்றும் துறவிக்கும் அதே பெயர். (கல்யாணத்தில் மாப்பிள்ளை காசிக்குக் கிளம்பும் வேடம் பரதேசிக் கோலம்தானே!) துறவி என்ற பொருள் பிச்சைக்காரர் என்றாகி, கடைசியில் வசவில் முடிந்தது. ஆனால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் போனால், கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடம் இன்றும் பரதேசி சினகாக்தான்.

அந்தக் கணவாய்தான் கொங்குக்கு வெளியாட்களைக் கொண்டுவந்த வாசல். நொய்யல் கரைக் கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு வடநாட்டு மொழியான பிராகிருதத்தின் பெயர்களும் இருக்கின்றன. கோவையின் முதல் நூற்பாலையை 1888இல் தொடங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆங்கிலேயர்.

இன்றைய திருப்பூருக்கு வருவோம். தென் மாவட்டத்திலிருந்து டெய்லராக வந்தவர் நாலு மிஷின் போட்டு பவர் டேபிள் என்ற சிறு தையல் யூனிட் நடத்துகிறார். கம்பெனி வெட்டிய துணியைக் கொடுக்கும். இவர் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுப்பார். ஆர்டர் குறைந்தால் கம்பெனிக்குச் சம்பளச் சுமை இல்லை, அந்த அடி இவர் தலையில். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய பனியனை லாட்டாக வாங்கி விற்பவர்களிலும் வெளியூர்க்காரர்கள் உண்டு. ஒடிசா, பீகார் தொழிலாளர் குடியிருக்கும் தெருவில் கடுகெண்ணெயும் பொரியும் விற்கும் மளிகைக் கடையை அவர்களில் ஒருவரே வைத்திருப்பார். சம்பளம் வரும்வரை கடன் கொடுக்கும் கடை அது.

இவர்களுக்குத் தமிழில் என்ன பெயர்? வந்தேறி வேண்டாம், அதில் பகைதான் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, பல மொழி பேசிக் கலந்து வாழ்ந்தவர்களைப் ‘புலம்பெயர் மாக்கள்’ என்கிறது. புலம் என்றால் நிலம், இடம். அந்தச் சொல்லை நாம் ‘புலம்பெயர் தொழிலாளர்’ என்பதோடு நிறுத்திவிட்டோம், வந்தவர் என்றைக்கும் கூலிக்காரர்தான் என்பதுபோல. மளிகைக் கடைக்காரரைப் புலம்பெயர் வணிகர் என்றும், பவர் டேபிள்காரரைப் புலம்பெயர் தொழில்முனைவோர் என்றும் எழுதலாம். அந்த டெய்லருக்கு அது பெரிய வார்த்தையாகப் பட்டால், சரி, வெளியூர் முதலாளி என்றே இருக்கட்டும்.