கடைசி ஊசிக்கு முன் ஒரு கேள்வி

"இது முதன்முதலில் உங்களிடம் வந்த நாளைச் சொல்லுங்கள்." ஒரு குதிரையை வலியின்றி அனுப்பிவைக்க வேண்டிய நிலை வந்தால், அந்தக் கடைசி ஊசியைக் கையில் எடுக்கும் முன் நான் கேட்பது இதைத்தான். ஒருமுறை ஒருவர் கோபித்துக்கொண்டார். "கதை கேட்கிற நேரமா டாக்டர் இது?" என்றார். நியாயம்தான். முதலில் வலிக்கு மருந்து, பிறகுதான் பேச்சு. அன்று நான் வரிசையை மாற்றிச் செய்துவிட்டேன்.

உதகையில் சவாரிக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். படிக்கும்போது பழகியதெல்லாம் மாடும் ஆடும்தான். குதிரையின் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விடும் வேலையை நான் முதன்முதலில் செய்தது ராணி என்ற செம்பழுப்புப் பெண்குதிரைக்கு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சேர்ந்ததை நாம் குழாய் விட்டு வெளியேற்றாவிட்டால் இரைப்பையே கிழிந்துவிடக்கூடும். என் கை நடுங்குவதைப் பார்த்த குதிரைக்காரர், "தோளோடு ஒட்டி நில்லுங்கள் சார், எட்டி நின்றால்தான் உதை விழும்" என்றார். பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன், அன்றுதான் புரிந்தது.

அதே ராணிக்காகப் பல ஆண்டுகள் கழித்து ஒரு மார்கழி விடியலில் அழைப்பு வந்தது. இருபத்து நான்கு வயது. இரவெல்லாம் புரண்டிருக்கிறது, உடலெங்கும் வியர்வையும் மண்ணும். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும், ராணிக்கு 92. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு கருத்திருந்தது. வயிற்றின் இரு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வைத்தேன், குடல் ஓசையே இல்லை. வயதான குதிரைகளின் குடலைத் தாங்கும் சவ்வில் கொழுப்புக் கட்டி காம்புடன் வளர்வதுண்டு. அந்தக் காம்பு ஒருநாள் குடலைச் சுற்றி இறுக்கிவிடும். ராணிக்கு நேர்ந்ததும் அதுதான் என்று அனுமானித்தேன். அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. அந்த வயதில், அந்த நாடியோடு, மலையிறங்கும் பயணத்தையே அது தாங்காது.

வலிக்கு ஊசி போட்டுவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டேன். குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்தபடியே சொன்னார். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில், சுழி சரியில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கிய குட்டி. அதனால்தான் அவர் கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்தது. லாரியில் குன்னூர் வளைவுகளைக் கடந்து ஏறும்போது அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார். முதல் இரவின் குளிருக்குத் தன் கம்பளியைப் போர்த்திவிட்டு, இவர் சாக்கைப் போர்த்திக்கொண்டார். மறுநாள் மலை ரயில் ஊதியதும் மிரண்டு அவரையே இடித்துக் கீழே தள்ளியது. "அதற்கு முன் அது ரயிலைக் கண்டதில்லை சார்" என்றபோது சிரித்துவிட்டார். பிறகு அவராகவே, "போதும், விட்டுவிடலாம்" என்றார்.

கடைசி இரவின் கோரம் மற்ற நாட்களை எல்லாம் மறைத்துவிடுகிறது, அதனால்தான் அந்தக் கேள்வி. "இன்னும் ஒரு நாள் பார்க்கலாம்" என்ற வார்த்தை பெரும்பாலும் நம் பயத்திலிருந்து வருகிறது. குதிரைக்கு அந்த ஒரு நாள் என்பது இன்னொரு இருபத்து நான்கு மணி நேர வலி.

எல்லா முடிவும் இப்படித் திடீரென்று வருவதில்லை. வயதான குதிரை மென்ற புல்லை உருண்டையாகத் துப்பினால் பல் தேய்ந்துவிட்டது என்று பொருள். தவிட்டை ஊறவைத்துக் கொடுத்து இன்னும் சில காலம் நன்றாகவே வைத்திருக்கலாம். எடையை முன்னங்காலிலிருந்து பின்னுக்குச் சாய்த்து நின்றால் குளம்பில் வலி. உங்கள் குதிரைக்குப் பிடித்த மூன்று விஷயங்களை இப்போதே எழுதிவையுங்கள். ராணிக்கு அவை வெல்லம், சேணத்தை இறக்கியதும் மண்ணில் ஒரு புரளல், அவருடைய சீழ்க்கை. இவற்றில் இரண்டு போய்விட்டால் என்னைக் கூப்பிடுங்கள், பகலிலேயே.

வேலைக்கு ஆகாத குதிரையைத் தெருவில் அவிழ்த்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக் தின்று குடல் அடைத்த குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். வயதாலோ நோயாலோ தகுதியிழந்த விலங்கை வேலை வாங்குவதையே 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. தெருவில் விடுவதை அதற்கு மாற்று என்று நினைப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

ஊசி போடும்போது என்ன நடக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுவேன். முதலில் மயக்க மருந்து; தலை தாழும். பிறகு கழுத்து ரத்தக்குழாயில் பெரிய ஊசி. சில நொடிகளில் சாய்ந்துவிடும், ஆகவே நீங்கள் எட்டி நிற்க வேண்டும். கண் மூடாது. தசை துடிக்கலாம், ஓரிரு பெருமூச்சு வரலாம். அதற்குள் நினைவு போயிருக்கும். நான் கருவிழியைத் தொட்டுப் பார்த்து, நெஞ்சில் நெடுநேரம் கேட்ட பிறகே "முடிந்தது" என்பேன்.

குழிக்கு முதல் நாளே பொக்லைனுக்குச் சொல்லிவைப்பது நல்லது. ஆழமாகப் புதைக்க வேண்டும். அந்த மருந்து சடலத்திலும் தங்கும். தின்னும் நாயும் கழுகும் செத்துப்போகும். கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் மிஞ்சியிருக்கின்றன. கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைக் கொடுப்பது 2006-இல் தடை செய்யப்பட்டதே அவற்றுக்காகத்தான்.

ராணியோடு ஒரே லாயத்தில் இருந்த வெள்ளைக் குதிரையை அவிழ்த்துக் கொண்டுவரச் சொன்னேன். துணையின் உடலை முகர்ந்து பார்த்த குதிரை பிறகு அதிகம் தேடி அலைவதில்லை என்பது என் அனுபவம். அது ராணியின் நெற்றியிலிருந்து விலா வரை முகர்ந்தது. பிடரியை ஒருமுறை கவ்வி இழுத்தது. பிறகு பக்கத்திலேயே புல் மேய ஆரம்பித்தது.

குதிரைக்காரர் முன்னங்காலின் லாடத்தைக் கழற்றித் தரச் சொன்னார். ஆணிகள் இறுகியிருந்தன, எனக்குக் கழற்றத் தெரியவில்லை. குறட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "தோளோடு ஒட்டி உட்காருங்கள் சார்" என்று அவரே கழற்றினார்.