கார்புரேட்டர்: கரிமமூட்டியா, எரிகலப்பியா?

பழைய கார்களைச் சீரமைப்பது பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் "கரிமமூட்டியையும் கழிவுக் குழாயையும் மேம்படுத்துதல்" என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பெட்ரோலைக் காற்றோடு சேர்க்கும் கார்புரேட்டரும், எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்டும்தான் அவை என்று புரிந்துகொள்ள ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இந்த மொழிபெயர்ப்பால் எந்தப் பயனும் இல்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. அதிலிருந்து பிரெஞ்சில் 'கார்ப்யூர்', கரிமச் சேர்மம். 19-ஆம் நூற்றாண்டில் விளக்கெரிக்கும் வாயுவோடு ஹைட்ரோகார்பன் ஆவியைச் சேர்த்துச் சுடரைப் பிரகாசமாக்கினார்கள். அந்த வேலைக்கு இந்த வேரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் வந்தது. மோட்டார் வண்டி வந்ததும், பெட்ரோலைக் காற்றோடு சேர்க்கும் கருவிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான்.

கரிமமூட்டி என்று எழுதுகிறவர்கள் இந்த வேரைப் பிடித்துக்கொண்டு கருவியை விட்டுவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் 'கரி' என்றால் என்ன? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, முனை கறுத்திருந்தால் "கரி பிடிச்சிருக்கு" என்கிறார் மெக்கானிக். அது கோளாறின் பெயர். கார்புரேட்டரைச் சரியாக வைப்பதே இந்தக் கரி பிடிக்காமல் இருக்கத்தான். அப்படியிருக்க, கரிமத்தை ஊட்டுவது என்று அதற்கே பெயர் வைத்தால் எப்படி? இன்னொரு சிக்கலும் உண்டு. கியர் பற்களின் மேற்பரப்பைக் கடினமாக்க, எஃகைச் சூடாக்கிக் கரிமம் ஏற்றுவார்கள். கரிமமூட்டல் என்ற சொல் அந்த வேலைக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன சொல்வது?

'கலக்கி' என்று எழுதுகிறவர்களும் உண்டு. கரிமமூட்டியைவிடப் பரவாயில்லை, ஆனால் கலப்பது வேறு, கலக்குவது வேறு. பாலில் தண்ணீர் கலப்பார்கள், குட்டையைக் கலக்குவார்கள். கார்புரேட்டருக்குள் எதையும் யாரும் கலக்குவதில்லை. காற்று ஒரு குறுகலான கழுத்து வழியே வேகமாகப் போகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, மிதவை அறையில் இருக்கும் பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் ஜெட் என்னும் நுண்துளை வழியாக மேலே தள்ளுகிறது. 'தெளிப்பி' என்பதும் ஆகாது. பம்ப் கொடுக்கும் அழுத்தத்தில் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்கு அந்தச் சொல் வேண்டும். கார்புரேட்டரின் இடத்தைப் பிடித்த கருவியே அதுதான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பழைய காருக்கும் புதிய காருக்கும் உள்ள முக்கியமான வேறுபாடே காணாமல் போகும்.

என் தேர்வு எரிகலப்பி. முதலில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் கலப்பி என்றே தொடரலாம். அளந்து கலப்பதுதான் அதன் வேலை. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. முழு விசை வேண்டுமென்றால் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

ஒரு சொல் வேலைக்கு ஆகுமா என்பதை அதை வைத்து எழுதிப் பார்த்தால்தான் தெரியும். பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நம் அம்பாசடரில் ஓடியதும் அந்தக் குடும்பத்து எஞ்சின்தான். 1955-இல் வந்த எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் அதற்கு எஸ்யூ நிறுவனத்தின் கலப்பி இரண்டு. எஸ்யூ கலப்பியில் ஒரு பிஸ்டன் காற்றின் தேவைக்கேற்ப ஏறி இறங்கும். அதன் அடியில் இருக்கும் கூம்பு ஊசி, ஜெட்டின் துளையைத் திறந்து மூடும். எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் கலவை சரி. இதில் எங்கேயும் கலப்பி இடறவில்லை. ஜெட், பிஸ்டன் இரண்டையும் அப்படியே விட்டதில் எனக்கு வருத்தமும் இல்லை. தூய்மைக்காகத் தெளிவைப் பலி கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

கழிவுக் குழாய்க்கு வருவோம். அது சாக்கடையின் பெயர். வீடு கட்டுகிறவரும் நகராட்சியும் நாள்தோறும் புழங்கும் சொல்லை எஞ்சினுக்கு மாற்றக் கூடாது. புகைபோக்கி என்றால் அடுப்படியும் அரிசி ஆலையும் நினைவுக்கு வரும். நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் எஞ்சின் சூடான பிறகு கண்ணுக்குத் தெரியும்படி புகைவிடவும் கூடாது. போக்குக் குழாய் என்றாலே போதும். இதைவிட மோசம், சிலிண்டர்களிலிருந்து வரும் வாயுவை ஒரே குழாயில் சேர்க்கும் மேனிஃபோல்டைப் 'பன்மடி' என்பது. பன்மடி கணிதச் சொல். அகராதியில் முதலில் இருந்ததை எடுத்து ஒட்டிவிட்டார்கள். அந்தப் பாகத்தை ஒருமுறை நேரில் பார்த்திருந்தால் கிளைக்குழாய் என்று தானாகவே எழுதியிருப்பார்கள்.

பி-சீரிஸ் எஞ்சினில் நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டர்களுக்கும் வெளிப்போக்கு வாய் ஒன்றே. ஆக நான்கு சிலிண்டருக்கு மூன்று கிளைதான். விசையைக் கூட்ட நினைப்பவர்கள், நடுக்கிளை நீண்டு தனியே இறங்கிக் கீழே மற்ற இரண்டோடு சேரும் கிளைக்குழாயைப் போடுவார்கள். பன்மடி என்று எழுதினால் இதை எப்படி விளக்குவது?

சைலன்சர் என்ற சொல்லை விட்டுவிடலாம். ஊரெல்லாம் அதுதான் பேச்சு. ஆனால் எஞ்சினிலிருந்து வால்முனை வரை எல்லாவற்றையும் சைலன்சர் என்று எழுதக் கூடாது. ஓசை அடக்கும் டப்பாவுக்கு மட்டும் அந்தப் பெயர் இருக்கட்டும். அதற்கு முன்னால் வருவது போக்குக் குழாய், எஞ்சினோடு சேர்த்து முடுக்கியிருப்பது கிளைக்குழாய்.